சங்கை எடுக்கும் முன் சூட்டைப் பாருங்கள்!

பால் குடிக்கத் திணறும் பூனைக்குட்டியைக் காப்பாற்றும் வழிமுறைகள்

திருவாரூர் மாவட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கும் கடிதம் இது:

“எங்கள் வீட்டு நெல் அறையில் பூனை ஒன்று இருக்கிறது. அது வந்த பிறகு மூட்டையை எலி கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. போன மார்கழியில் நான்கு குட்டிகள் போட்டது. மூன்று நன்றாகக் குடித்தன. ஒன்று மட்டும் சிறியது. காம்பைப் பிடிக்கத் தெரியாமல் விலகி விலகிப் போய் சிமென்ட் தரையில் கிடந்தது. விடியற்காலையில் பார்த்தபோது ஜில்லென்று இருந்தது. என் மாமியார் அதை மடியில் மல்லாக்கப் போட்டு, சங்கில் பசும்பால் புகட்டினார். கொஞ்சம் குடித்தது போல இருந்தது. மூக்கு வழியாகவும் பால் வந்தது. அன்று சாயங்காலமே இறந்துவிட்டது. ‘என் பேரப்பிள்ளைகளை எல்லாம் இந்தச் சங்கில்தானே வளர்த்தேன்’ என்று இன்றும் சொல்லி வருத்தப்படுகிறார். பூனை இப்போது மறுபடியும் சினையாக இருக்கிறது. நாங்கள் எங்கே தவறினோம்?”

அந்த மாமியாரின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. வரிசைதான் மாறிவிட்டது. பிறந்த பூனைக்குட்டிக்கு முதல் தேவை சூடு. பால் அதற்குப் பிறகுதான். குளிர்ந்துபோன குட்டியின் வாயில் ஊற்றும் பால், அதன் உயிரைக் காப்பதற்குப் பதிலாக உயிருக்கே ஆபத்தாக முடியும்.

சூடு ஏன் முதலில்?

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் திறந்திருக்காது, காது கேட்காது. முதல் வாரத்தில் அதற்கு நடுங்கவும் தெரியாது. நாம் குளிரில் நடுங்குவதே உடம்பு தனக்குத்தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. அந்த வழி குட்டிக்கு இல்லை. தாயின் வயிறும், ஒட்டிப் படுத்திருக்கும் மற்றக் குட்டிகளும்தான் அதற்கு அடுப்பு. அந்தக் கூட்டத்தை விட்டு ஒரு முழம் விலகினாலும் மெல்ல மெல்லக் குளிர்ந்துவிடும். தை, மார்கழி இரவுகளில் சிமென்ட் தரை என்றால் இன்னும் விரைவாகக் குளிரும்.

முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கும்போது இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. முதலாவது, சப்பிக் குடிக்கும் இயல்பு மங்கிவிடுகிறது. காம்பு வாயில் இருந்தாலும் இழுக்காது. இரண்டாவது, குடலின் அசைவு நின்றுபோகிறது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கிக் கெடும், வயிறு உப்பும். ‘குட்டி குடிக்காததால் குளிர்ந்துவிட்டது’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அது குளிர்ந்துபோனதால்தான் குடிக்கவில்லை.

சங்கும் மடியும்

சங்கில் புகட்டும்போது குழந்தையை மடியில் சாய்த்துப் போட்டு, வாயோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். பூனைக்குட்டி அப்படிக் குடிக்கும் பிராணி அல்ல. தாயிடம் அது குடிப்பதைக் கவனியுங்கள்: வயிறு தரையில் பட, தலையைச் சற்றே தூக்கி, முன்னங்கால்களால் தாயின் வயிற்றை அமுக்கி அமுக்கிக் குடிக்கும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் பால் எளிதாக மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பெரியவர்களுக்குப் புரை ஏறினால் இருமித் தள்ளிவிடுவோம். 100 கிராம் குட்டிக்கு இருமவும் வலு இருக்காது. பால் நுரையீரலில் தங்கி, நிமோனியா காய்ச்சலாகி, ஒன்றிரண்டு நாளில் உயிரைப் பறிக்கும்.

மூன்றாவது தவறு பசும்பால். பூனையின் பாலில் உள்ள புரதம் பசும்பாலில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலிலோ, பூனைக்குட்டிக்கு ஒத்துக்கொள்ளாத அளவுக்குப் பால் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் கலந்தால் சத்து இன்னும் குறையும். விளைவு வயிற்றுப்போக்கு. இத்தனை சிறிய உடம்பில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே அதிகம்.

குளிர்ந்த உடம்பு, மல்லாந்த நிலை, பசும்பால்: வாசகி வீட்டுக் குட்டிக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. இனி, இதே நிலையில் ஒரு குட்டியைப் பார்த்தால் என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. தொட்டுப் பாருங்கள்

நன்றாகக் குடித்த குட்டி, வயிறு உருண்டையாக, மற்றக் குட்டிகளோடு குவியலாகத் தூங்கும். கூட்டத்தை விட்டு விலகிக் கிடப்பது, ஓயாமல் கத்துவது, வயிறு ஒட்டியிருப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். கத்திக்கொண்டிருந்த குட்டி சத்தமில்லாமல் துவண்டுவிட்டால், தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். வலு தீர்ந்துபோயிருக்கலாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குட்டியின் பாதத்தையும் காதையும் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நுனியை வாய்க்குள் லேசாக வையுங்கள். வாயின் உட்புறம் ஜில்லென்று இருந்தால் குட்டி குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது.

2. மெதுவாகச் சூடேற்றுங்கள்

வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடிமனான துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்து, அதை ஒட்டினாற்போல் குட்டியைப் படுக்க வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் புரூடர் பல்பு போடுகிறவர்கள் அதையே உயரத்தில் தொங்கவிட்டும் பயன்படுத்தலாம். எதுவும் கைவசம் இல்லாவிட்டால், சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதே நல்ல சூடு.

இதில் அவசரம் கூடாது. அடுப்பருகே வைப்பது, வெந்நீரில் முக்கி எடுப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் ஆபத்து. ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மெல்ல மெல்ல சூடு ஏறினால் போதும். அரைமணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்து, வெந்நீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

குட்டி மிகவும் துவண்டிருந்தால், குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த வெந்நீரை விரல் நுனியில் தொட்டு ஈறில் தடவலாம். ஊற்றக் கூடாது, தடவ மட்டும்தான்.

3. சப்புகிறதா என்று பாருங்கள்

உடம்பில் சூடு ஏறியதும் சுண்டுவிரலை மறுபடி வாயில் வைத்துப் பாருங்கள். விரலை இழுத்துச் சப்பினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்போதே வாயைத் திறந்து மேல் அண்ணத்தையும் பார்த்துவிடுங்கள். பிறவியிலேயே அண்ணம் பிளந்திருக்கும் குட்டிகள் உண்டு. குடிக்கும் பால் மூக்கு வழியாக வருவது அதற்கும் ஓர் அறிகுறி. அப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. முதலில் தாயிடமே விடுங்கள்

சப்பத் தொடங்கிய குட்டிக்குச் சிறந்த பால் தாயிடம்தான் இருக்கிறது. கன்றுக்குச் சீம்பால் எப்படியோ, பூனைக்குட்டிக்கும் அப்படியே. நோய் எதிர்ப்புச் சக்தி அந்த முதல் பாலில்தான் வருகிறது. பிறந்து 16 மணி நேரம் தாண்டினால், குட்டியின் குடல் அந்தச் சக்தியை உறிஞ்சுவது பெரும்பாலும் நின்றுவிடும். எனவே பிறந்த அன்று ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். பின்னங்கால் பக்கத்துக் காம்புகளில் பால் கூடுதலாக இருக்கும். வலுவான குட்டிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், நோஞ்சான் தள்ளப்பட்டுவிடும். அதனால் கொழுத்த குட்டிகளைத் துணி போட்ட பெட்டியில் 15 நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு, சிறியதை மட்டும் பின் காம்பில் விடுங்கள். காம்பை மெல்லப் பிதுக்கி ஒரு சொட்டுப் பாலை அதன் உதட்டில் தடவினால் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால், பல குட்டிகள் ஒன்றிரண்டு நாளில் தாமாகவே குடிக்கத் தொடங்கிவிடும்.

தாயையும் பாருங்கள். காம்பு சிவந்து, கல் போல இறுகி, தொட்டால் சுட்டால் மடிவீக்கம். உடனே சிகிச்சை வேண்டும். பால் குறைவாக இருந்தால் பூனையின் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். பூனை அடிப்படையில் மாமிசம் தின்னும் பிராணி. தயிர்ச்சோறு மட்டும் தின்று நான்கு குட்டிக்குப் பால் கொடுக்க அதனால் முடியாது. உப்பும் காரமும் போடாமல் வேகவைத்த மீன், கோழிக்கழிவில் கிடைக்கும் ஈரல், முட்டை என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்காவது கொடுங்கள். பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

5. கையால் புகட்ட வேண்டி வந்தால்

தாய் இறந்துவிட்டாலோ, பால் இல்லாவிட்டாலோ, குட்டி போட்டு ஓரிரு வாரமான வேறொரு பூனை அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல தாய்ப்பூனைகள் அடுத்த குட்டியையும் சேர்த்துக்கொள்ளும். அது கிடைக்காதபோது, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரை நகரத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் வாங்கலாம்.

நள்ளிரவில் கிராமத்தில் பவுடருக்கு எங்கே போவது? காய்ச்சி ஆறிய, தண்ணீர் கலக்காத ஒரு டம்ளர் பாலில் ஒரு முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் நன்றாக அடித்துக் கலந்து, வடிகட்டிக் கொடுத்து அந்த இரவைச் சமாளிக்கலாம். இது ஒரு நாளைக்கான தற்காலிக ஏற்பாடு மட்டுமே. விடிந்ததும் பவுடருக்கோ மருத்துவருக்கோ வழி பாருங்கள்.

புகட்டும் முறை இதுதான்:

* குட்டியை மடித்த துண்டின்மேல் வயிறு கீழே படும்படி வையுங்கள். ஒருபோதும் மல்லாக்கப் போடாதீர்கள்.

* ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்ச் அல்லது சொட்டு மருந்து ஃபில்லர் போதும். புகட்டும் முன் வெந்நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

* பாலை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

* ஒரு சொட்டு விடுங்கள். குட்டி விழுங்கட்டும். பிறகு அடுத்த சொட்டு. குட்டி சப்பும் வேகத்துக்கு நீங்கள் போக வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளக் கூடாது.

* 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 மி.லி. அளவில் தொடங்கலாம். 4 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 20 மி.லி. முதல் வாரம் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும்.

* மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, துணியால் துடையுங்கள்.

6. மறந்துபோகும் வேலை

இதைச் செய்யாமல் விடுவதால், பால் சரியாகக் கொடுத்தும் குட்டியை இழப்பவர்கள் உண்டு. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கிவிடுவதுதான் அதற்குத் தூண்டுதல். தாய் இல்லாத குட்டிக்கு, ஒவ்வொரு வேளை புகட்டிய பிறகும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மென்மையாகத் தடவிவிடுங்கள். சில நொடிகளில் சிறுநீர் வரும். ஏறக்குறைய மூன்று வாரம் வரை இது தேவை.

7. தராசு சொல்வதைக் கேளுங்கள்

கண்ணால் பார்த்து ‘தேறிவிட்டது’ என்று முடிவு செய்ய வேண்டாம். கிராம் கணக்கில் காட்டும் சிறிய மின்னணுத் தராசில், தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். நல்ல குட்டி நாளுக்கு 10 கிராமுக்குக் குறையாமல் ஏறும். இரண்டாம் வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காகும். ஒரு நாள் முழுக்க எடை ஏறவில்லை என்றால் எச்சரிக்கை. இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சூடேற்றியும் சப்பாத குட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குட்டி, வயிறு உப்பிய குட்டி, தொடர்ந்து கழியும் குட்டி ஆகியவற்றுக்கு வீட்டில் வைத்து நேரம் கடத்தாதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். டெல்டாக்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் வழியிலும் வெந்நீர் பாட்டில் கூடவே இருக்கட்டும். மருத்துவர் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, குழாய் மூலம் வயிற்றுக்குள் பால் செலுத்துவது போன்றவற்றைச் செய்வார். குழாய் வழியாகப் புகட்டுவதைப் பழகாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் சில குட்டிகள் பிழைக்காமல் போகலாம். உள்ளுறுப்புக் கோளாறோடு பிறக்கும் குட்டிகளை யாராலும் காப்பாற்ற முடியாது. அதற்காக யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

கடிதம் எழுதிய வாசகிக்கு

பூனையின் சினைக்காலம் இரண்டு மாதத்தை ஒட்டியது. இப்போதே, நெல் அறையில் காற்று அடிக்காத ஒரு மூலையில், ஓரம் உயர்ந்த மரப்பெட்டி ஒன்றை வையுங்கள். குட்டி உருண்டு தரைக்கு வராமல் அந்த ஓரம் தடுக்கும். உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள். சாக்கு வேண்டாம். பிரிந்த சணல் நூல் குட்டியின் காலிலும் தொப்புள்கொடியிலும் சுற்றி இறுக்கிவிடும். ஒரு தராசு, இரண்டு சிரிஞ்ச், ஒரு பாட்டில், கொஞ்சம் பஞ்சு, முடிந்தால் ஒரு டப்பா பால் பவுடர் ஆகியவை தயாராக இருக்கட்டும். குட்டி போட்ட இரவு அரைமணி நேரம் எட்ட நின்று, எல்லாக் குட்டியும் காம்பைப் பிடித்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: பேரப்பிள்ளைகளை வளர்த்த அந்தக் கைக்கு இந்த முறையும் வேலை இருக்கிறது. குளிர்ந்த குட்டியைச் சட்டென்று அடையாளம் காணவும், பொறுமையாக நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றவும், வீட்டில் அவரைவிடத் தகுந்தவர் யார்? சங்கு மட்டும் பரணிலேயே இருக்கட்டும்.

வாசகர் கேள்விகள்

மனிதக் கை பட்டால் தாய்ப்பூனை குட்டியை ஒதுக்கிவிடும் என்கிறார்களே?

பழகிய வீட்டுப் பூனை, கை பட்டதற்காகக் குட்டியை ஒதுக்குவதில்லை. ஆனால், அடிக்கடி ஆள் வந்து போனால் இடம் பாதுகாப்பில்லை என்று நினைத்துக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போகும். ‘பூனை ஏழு வீடு மாறும்’ என்று சொல்வது இதனால்தான். கையைக் கழுவிக்கொண்டு, வேலையை முடித்துவிட்டு, குட்டியைத் திரும்ப அதன் இடத்திலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளை அங்கே கூட்டம் போட விடாதீர்கள்.

குட்டியின்மேல் தெள்ளுப்பூச்சி மொய்க்கிறது. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தைத் தெளிக்கலாமா?

கூடவே கூடாது. அந்த மருந்துகளில் உள்ள சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்றவை பூனைக்குக் கொடிய விஷம். பிறந்த குட்டிக்கு நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். படுக்கைத் துணியை அடிக்கடி வெந்நீரில் துவையுங்கள். அதே போல, காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமால் மாத்திரையையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

நெல் அறையில் குட்டிகள் இருக்கும்போது எலி மருந்து வைக்கலாமா?

குட்டிகள் இருக்கும் அறையில் எலி மருந்தோ, மூட்டம் போடும் மாத்திரையோ வேண்டாம். துத்தநாக பாஸ்பைடு, புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலியைத் தாய்ப்பூனை பிடித்துத் தின்றால் அதற்கும் நஞ்சு ஏறும். அந்த மாதங்களில் எலிப்பொறி, தஞ்சாவூர்க் கிட்டி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பூனைக்குட்டி வளர்ப்பதால் பாதிப்பு உண்டா?

பூனையின் மலம் வழியாக ‘டாக்ஸோபிளாஸ்மா’ என்ற ஒட்டுண்ணி பரவக்கூடும். கருவிலுள்ள குழந்தைக்கு அது கெடுதல். எனவே கர்ப்பிணிகள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம்; அந்த வேலையை வேறொருவர் தினமும் செய்து, கையை நன்றாகக் கழுவட்டும். இதே ஒட்டுண்ணியால் ஆடுகளுக்கும் கரு கலையும். அடர்தீவன மூட்டையையும் வைக்கோலையும் பூனை அசிங்கம் செய்யாதபடி மூடி வையுங்கள்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடுகிறது. என்ன செய்வது?

குட்டிகள் பால் மறந்த பிறகு தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். பால் கொடுக்கும் காலத்திலேயே பூனை மறுபடி சினை பிடிக்கும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும். தாய்க்கும், வீட்டில் நிறுத்திக்கொள்ளும் குட்டிக்கும் மூன்று மாத வயதை ஒட்டி வெறிநோய்த் தடுப்பூசி போடுவதையும் மறக்காதீர்கள்.